"570 சொற்கள் போதும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி

பழையபுத்தகம்:
நேற்று "மேம்பட்ட சொல்வளம்" பற்றிய வேறொரு இழையில் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்: "உயர்நிலைப் பள்ளி மாணவர் 570 ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டால் போதும், கல்லூரிப் பாடநூல் எதையும் சரளமாகப் படித்துவிடலாம்." அதற்குப் பாராட்டு மழை வேறு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 570 என்பது மொழியியலாளர் எவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலின், அதாவது பல துறைக் கல்வி நூல்களில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியலின் எண்ணிக்கை. அதில் இருப்பவை 570 சொற்கள் அல்ல, 570 சொற்குடும்பங்கள். 'அனலைஸ்' என்ற ஒரே தலைச்சொல்லின் கீழ் அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிக்கல், அனலிட்டிக்கலி என்று வரிசையாக நிற்கின்றன. பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள் எந்தத் துணிச்சலில் பிள்ளைகளுக்கு வழி சொல்கிறார்கள்?

நேர்கோடு:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். சொல் என்றாலும் குடும்பம் என்றாலும் நடைமுறையில் ஒன்றுதான். தலைச்சொல் தெரிந்தவனுக்குக் கிளைகள் தாமாக வந்துவிடும். பட்டியலை கற்றால் மதிப்பெண் ஏறுகிறது, என் மாணவர்களிடம் கண்கூடாகப் பார்க்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்: 570 போதும்.

பழையபுத்தகம்:
தாமாக வராது. 'அசூம்' தெரிந்த பிள்ளை 'அசம்ப்ஷன்' என்பதை வேறொரு சொல்லாகத்தான் பார்க்கும். எழுத்தும் மாறுகிறது, ஒலியும் மாறுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், அன்றாடம் அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் உள்ள சுமார் 2,000 குடும்பங்களை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் காக்ஸ்ஹெட் தம் பட்டியலைத் தொகுத்தார். அந்த 2,000 தெரிந்த பிறகுதான் இந்த 570. இரண்டையும் சேர்த்தாலும் அவருடைய கணக்கிலேயே கல்விசார் நூல்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டுச் சொற்கள்தான் அடங்குகின்றன. ஏழு சொல்லுக்கு ஒன்று புரியாது. வரிக்கு ஒரு முறையாவது நின்று விழிப்பதற்குப் பெயர் சரளமா?

மழைக்காலவாசகி:
நீங்கள் இருவருமே பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். எனக்குப் பட்டியலே வேண்டாம். ஒரு சொல் பல இடங்களில், பல சேர்க்கைகளில் கண்ணில் பட்டால்தான் படியும். மனப்பாடப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திப் பாருங்கள். இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் 'ஜூபிலன்ட்' (வெற்றிக் களிப்பில் துள்ளுவது) ஆனார்கள் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அடுத்த வாக்கியத்தில் வினைச்சொல்லையே காணோம். தேவையில்லாத இடத்தில் நீண்ட சொற்களைப் போட்டால் வாசகர்கள் எழுதியவரின் அறிவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் 2006இல் ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கதைகளைக் கொடுங்கள், நிறையக் கொடுங்கள்.

நேர்கோடு:
கதையில் கல்விசார் சொற்கள் எங்கே வருகின்றன? காக்ஸ்ஹெட் தம் பட்டியலைப் புனைகதைகளில் சோதித்தபோது மொத்தச் சொற்களில் 1.4 விழுக்காடுதான் தேறியது. கல்விசார் நூல்களிலோ 10 விழுக்காடு. கதை படித்தே இவற்றைக் கற்க வேண்டுமென்றால் பிள்ளைக்குத் தலை நரைத்துவிடும்.

பழையபுத்தகம்:
1.4 என்ற எண் கண்ணில் பட்டவருக்கு, அதே கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் வரும் "குடும்பம்" மட்டும் எப்படிப் படாமல் போனது? 570 குடும்பங்கள். இதைச் சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை? மழைக்காலவாசகி அம்மாவுக்கும் ஒன்று: அகராதி இல்லாமல் ஆங்கில நாவல் படிக்க 8,000 முதல் 9,000 குடும்பங்கள் வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டுமே தெரியாத நிலைக்கு வர அவ்வளவு வேண்டும். அடித்தளமே இல்லாத பிள்ளையிடம் நாவலை நீட்டினால் இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்துவிடும்.

மழைக்காலவாசகி:
நான் நாவல் என்று சொல்லவே இல்லை. கதை என்றேன். சொற்களை எண்ணும் ஆவேசத்தில் பிறர் எழுதியதைப் படிக்க மறந்துவிடுகிறீர்கள்.

தேர்வுக்காரன்:
ஐயா, நான் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் படிக்கிறேன். அரிய சொற்களின் நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுத்து முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அவசியமா?

நேர்கோடு:
570 போதும் தம்பி.

பழையபுத்தகம்:
தம்பி, அதை நம்பாதே. பழைய பட்டியலையும் தூக்கிச் சுமக்காதே. ஒரு சொல்லிணையின் உறவுக்கு ஒத்த இன்னொரு இணையைத் தேடும் ஒப்புமைக் கேள்விகளை 2005இலேயே எடுத்துவிட்டார்கள். 2016 மாற்றத்தில் அரிய சொற்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதும் போயிற்று. இப்போது ஒரு சிறு பத்தியைக் கொடுத்து, கோடிட்ட இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்கிறார்கள். பத்தியின் போக்கு பிடிபடாவிட்டால் சொல் தெரிந்தும் பயனில்லை.

சந்திப்பித்தன்:
ஆங்கிலச் சொல்வளம் பற்றி இவ்வளவு பேசும் நேர்கோடு "பட்டியலை கற்றால்" என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும். "பட்டியலைக் கற்றால்". தாய்மொழியிலேயே ஒற்று விழுகிறது.

நேர்கோடு:
ஒற்று எண்ண வந்துவிட்டார். போன மாதம் ஒலிப்பு பற்றிய இழையிலும் இதே கூட்டணிதான் என் மேல் பாய்ந்தது. அன்று பழையபுத்தகம் பதில் இல்லாமல் இரண்டு நாள் காணாமல் போனதை நான் மறக்கவில்லை.

பழையபுத்தகம்:
காணாமல் போகவில்லை, எனக்கு வேலை இருந்தது. அந்த இழை இன்னும் அங்கேதான் இருக்கிறது, யார் பதில் சொன்னார் என்பதை எவரும் போய்ப் பார்க்கலாம். பேச்சை மாற்றாதீர்கள். 570 குடும்பங்கள்.

சந்திப்பித்தன்:
நான் எந்தக் கூட்டணியிலும் இல்லை. ஒற்று விழுந்தால் யாராக இருந்தாலும் சொல்வேன்.

மழைக்காலவாசகி:
"மேம்பட்ட சொல்வளம்" என்றால் எது என்று இதுவரை ஒருவராவது சொன்னீர்களா? கல்விசார் சொற்களா, இலக்கியச் சொற்களா, தேர்வுச் சொற்களா?

நேர்கோடு:
எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதற்கு ஒரு விளக்கம் வேறா? பட்டியல் கையில் இருக்கிறது, பிள்ளை படிக்கிறது, மதிப்பெண் வருகிறது.

பழையபுத்தகம்:
விளக்கம் பிறகு இருக்கட்டும், முதலில் எண்ணைத் திருத்துங்கள். உயிரியல் பாடநூலில் ஒரு பக்கத்தைத் திறந்து, வெஸ்ட் பட்டியலிலும் காக்ஸ்ஹெட் பட்டியலிலும் இல்லாத சொற்களை அடிக்கோடிடுங்கள். ஆஸ்மோசிஸ், என்சைம், மெம்பரேன், டிஃப்யூஷன் என்று பக்கம் முழுக்கக் கோடாக இருக்கும். போதும் என்றவர் அந்தப் பக்கத்தைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டட்டும்.

நேர்கோடு:
அவை கலைச்சொற்கள். உயிரியல் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார். அதை என் தலையில் கட்டாதீர்கள்.

பழையபுத்தகம்:
"பாடநூல் எதையும்" என்று எழுதியது நீங்கள். அந்த "எதையும்" என்பதில் உயிரியல் மட்டும் கிடையாதா? நாளை ஒரு முழுப் பக்கத்தை நானே கோடிட்டு இங்கே போடுகிறேன்.

நேர்கோடு:
போடுங்கள். என் மாணவர்களுடைய மதிப்பெண்களை நானும் போடுகிறேன்.

தேர்வுக்காரன்:
அப்படியானால் நான் எந்தப் பட்டியலைப் படிப்பது?