கடவுள் ஏன் மனிதனாக வரவேண்டும்? நண்பருக்கு எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஒரு விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும்.

கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர், சபைப் பின்னணி எதுவும் இல்லாதவர், இப்படிக் கேட்டார்: "சர்வ வல்லவர் என்கிறீர்கள். இருந்த இடத்திலிருந்தே மன்னித்திருக்கலாமே, எதற்கு மனிதனாகப் பிறந்து சாகவேண்டும்?" மடக்குவதற்காக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்.

பைபிளில் எபிரெயர் 2:14-ஐ வைத்து, மரணத்தை மரணத்தாலேயே வெல்ல இயேசு நம்மைப் போல இரத்தமும் மாம்சமும் எடுத்தார் என்றேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஆனால் நடந்து களைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்தவர், தம் நண்பன் லாசருவின் சாவுக்குக் கண்ணீர் விட்டவர் என்றதும் "கடவுள் அழுதாரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இடம்தான் நல்ல வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது. சரி, அங்கிருந்து சிலுவைக்கு எப்படிப் போவது?

பலி, பாவநிவாரணம் என்றெல்லாம் ஆரம்பிக்காமல் இதை யாருக்காவது விளக்கியிருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். வசனப் பட்டியல் மட்டும் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது!

அப்புறம், வாசிக்கக் கொடுப்பதென்றால், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களில் மாற்கா, யோவானா? மாற்கு 16 அதிகாரம்தான், சீக்கிரம் முடித்துவிடலாம். ஆனால் இயேசுவின் பிறப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையே.