வரிச்சலுகை உழவருக்கா, நிலக்காரருக்கா?

மன்னையான்:
"டெல்டா நஞ்சை இன்னும் நஞ்சையாகவே இருக்கிறது என்றால் வருமான வரிச்சலுகைதான் காரணம், பலன் முழுக்க விவசாயிக்கே" என்று குடமுருட்டி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. எந்த விவசாயிக்கு? எங்கள் ஊரில் சேற்றில் இறங்குகிறவர் குத்தகைக்காரர். அவர் வருமானம் வரிக்கணக்குக்கே வராது, விலக்கு அவருக்கு எதற்கு? சென்னையில் இருக்கும் நிலக்காரருக்குத்தான் குத்தகைப் பணத்துக்கும் வரி இல்லை. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைக்கிறார் என்று எழுதும் ஊர்க் கணக்குதானே அடங்கல், அதில் யார் பெயர் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
நானும் நிலக்காரன்தான். வேலைக்கு வெளியூர் போனவன் எல்லாம் பண்ணையாரா? தீர்வை, உரம், அறுவடை மிஷின் வாடகை போக என்ன மிஞ்சும் என்று தெரியுமா? சலுகையையும் எடுத்துவிட்டால் நாளைக்கே மனைக்கல் நட்டுவிடுவார்கள்.

மன்னையான்:
இப்போது மட்டும் நடவில்லையா? தஞ்சாவூர், கும்பகோணம் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டர் தாண்டிய நஞ்சையை விற்றால் லாபத்துக்கு வரியே கிடையாது. விற்கும்போது விவசாய நிலமாக இருந்தால் போதும். இது நிலத்தைக் காக்கிற சலுகையா, விற்கிறவருக்குச் சலுகையா? அடங்கலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கடைமடை:
2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் வந்ததே, அதுவும் எண்ணெய்க் கிணறு, தோல் தொழிற்சாலை மாதிரி புதுத் திட்டங்களைத்தான் தடுக்கிறது. மனைப்பிரிவைத் தொடவில்லை.

குடமுருட்டி:
அந்தச் சட்டத்துக்காக ரோட்டில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கடைமடை:
வேதாரண்யம் பக்கம் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேட்டூர் திறந்தால் முதல் தண்ணீர் உங்களுக்கு. தலைமடைக்காரர் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மன்னையான்:
பேச்சை மாற்றாதீர்கள். குத்தகைக்காரர் பெயரைப் பதியத்தான் 1969-லேயே சட்டம் வந்தது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து வாய்மொழிக் குத்தகையாகவே ஓட்டுகிறீர்கள். சம்பா மூழ்கினால் நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ. அடங்கல் கேட்கிறார். நட்டவர் கையில் காகிதம் இல்லை, பணம் நிலக்காரர் கணக்கில் விழுகிறது. இதை எங்கள் தெருவில் கண்ணால் பார்த்தவன் நான்.

குடமுருட்டி:
என் குத்தகைக்காரருக்கு நான் கொடுத்துவிடுவேன். கொள்முதல் நிலைய விவாதத்திலும் இப்படித்தான் என்னைக் குறிவைத்தீர்கள், மறக்கவில்லை.

மன்னையான்:
கொடுத்துவிடுவீர்கள், சரி. அடங்கலில் யார் பெயர்?

குடமுருட்டி:
முதலில் உங்களுக்கு எத்தனை மா நிலம் என்று சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

கடைமடை:
நிலம் இருந்தால்தான் பேசலாமா? நன்றாக இருக்கிறது ஐயா உங்கள் நியாயம்.