மறு: ‘ஸ்டாப் வேர்ட்’: பொக்குச்சொல்லா, ஒதுக்குசொல்லா?

> கணினியில ஒரு உரையோட சொற்களை எண்ணறப்ப விட்டுடற சின்னச் சொற்களைத்தான் ‘ஸ்டாப் வேர்ட்’ங்கறாங்க. அதுக்கு ‘நிறுத்தச்சொல்’ வேண்டாமுங்க, பஸ் ஸ்டாப்புதான் ஞாபகம் வருது. நம்ம பக்கம் கடலைக்காயில பருப்பு வைக்காததைப் பொக்குங்கறோம். ஒரு, இந்த, என்று, ஆனால் இதெல்லாம் எண்ணிக்கையில தள்ளிவிடறதுதானே? ‘பொக்குச்சொல்’னு வைக்கலாமுங்களா?

சொல் நல்லாத்தான் இருக்குதுங்க, பொருள்தான் இடிக்குது. பொக்குக்குள்ள பருப்பே கிடையாது, ‘ஆனால்’ அப்படியில்லை. எழுதினவர் யாருன்னு கண்டுபிடிக்க இந்தச் சின்னச் சொற்கள்தான் பிடி. அமெரிக்காவின் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் (புது அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வந்தவை) ஆசிரியர் யாரென்று தகராறாக இருந்த 12-ஐப் புள்ளியியலாளர்கள் மாஸ்டெல்லரும் வாலஸும் 1964-ல் ஆராய்ந்தது ‘அபான்’ (upon) மாதிரி ஆங்கிலச் சின்னச் சொற்களை எண்ணித்தான். ஆர் என்ற கணினி மொழியில் எழுத்து நடையை ஆராயும் ‘ஸ்டைலோ’ தொகுப்பும் நாம் எண்ணிக்கை ஒன்றும் சொல்லாவிட்டால் அதிகம் வரும் முதல் 100 சொற்களையே எடுக்கும். அங்கே பட்டியல் போட்டு நீக்கினால் வேலையே கெட்டுவிடும். கருப்பொருளைத் தேடும்போது மட்டும் ஓரமாக வைக்கிறோம், எறிவதில்லை. அதனால் ‘ஒதுக்குசொல்’.

ஒதுக்குசொல் பட்டியல் போட்டும் ‘கொண்டு’ போகாமல் எண்ணிக்கையில் மேலேயே நிற்கிறதா? ‘ொ’ ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியாகவும் இருக்கலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பட்டியல், உரை இரண்டையும் முதலில் என்.எஃப்.சி. (NFC) வடிவுக்கு, அதாவது இப்படிப் பிரிந்ததை ஒரே குறியாகச் சேர்க்கும் வடிவுக்கு, மாற்றுங்க. பைத்தான் கணினி மொழியில், சொல்லெழுத்துகளைப் பொறுக்கும் குறியாக ‘\’ போட்டு டபிள்யூ எழுதிப் பிரித்தால் புள்ளியிலேயே வெட்டும்: ‘மஞ்சள்’ என்பது ‘மஞ’, ‘சள’ ஆகிவிடும். ஒருங்குறியில் தமிழுக்குரிய 128 இடங்களையும் வரம்பாகக் கொடுத்தால் சரியாகும்.

> அப்ப ‘ஒதுக்குச்சொல்’னு நடுவுல ‘ச்’ வருமுங்களா? ‘உம்’, நம்ம ‘ங்க’ ரெண்டும் சொல்லோட ஒட்டியில்ல கிடக்குது, அதுக்கென்ன பேரு?

வராதுங்க. ஒதுக்கிய, ஒதுக்குகிற, ஒதுக்கும் சொல் மூன்றும் அடங்குது; ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, வலி மிகாது.

ஒட்டிக் கிடப்பது தனித் தொல்லை. ‘ங்க’ வந்த இடமெல்லாம் வெட்டினால் ‘சரிங்க’ சரியாகும், ‘தங்க வளையல்’ல ‘த’ மட்டும் மிஞ்சும். ‘உம்’மை வெட்டினால் ‘வரும்’ போச்சு. இவற்றைச் சொற்பட்டியலில் சேர்க்காமல், வெட்டக்கூடாதவற்றின் விலக்குப் பட்டியலோடு தனிக் கோப்பில் வையுங்க. ‘வாங்க’ மட்டும் வருகிறவரா, விலைக்கு வாங்குகிறவரா என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு. பேருக்கு ‘ஒதுக்குருபு’ வேண்டாம், வேற்றுமை உருபோடு குழம்பும். ‘ஒதுக்கொட்டு’ எப்படிங்க?