புதுச்சேரியின் மஞ்சள் சுவர்கள் கறுப்பு-வெள்ளைப் படத்தில் ஏன் வெளுத்துப் போகின்றன?

நிழல்தேடி (கேள்வி):

கடந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாலையிலேயே புதுச்சேரிக்குச் சென்று, ரோமன் ரோலண்ட் வீதியிலும் துமாஸ் வீதியிலும் ஏறத்தாழ 300 படங்கள் எடுத்தேன். நேரில் அவ்வளவு எடுப்பாகத் தெரிந்த மஞ்சள் சுவரும் அதன் வெள்ளைப் பட்டைகளும், கறுப்பு-வெள்ளைக்கு மாற்றியதும் ஒன்றோடொன்று கலந்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெற்றுச் சுவரைப் போல ஆகிவிட்டன. சைக்கிளை உருட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்த பெரியவர் ஒருவர், வெள்ளைத் தாளில் கத்தரித்து ஒட்டிய உருவம் போலத் தெரிகிறார். ரா கோப்பாகத்தான் (கேமரா பதிவு செய்த நிறத் தகவல் முழுவதையும் வைத்திருக்கும் கோப்பு) எடுத்தேன். வானம் கறுத்துத் தெரிய வேண்டும் என்பதற்காக மென்பொருளில் சிவப்பு ஃபில்டர் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். நான் போன நேரம் தவறா, மாற்றிய முறை தவறா, அல்லது நிறத்துக்கென்றே பெயர் வாங்கிய ஓர் இடத்தைக் கறுப்பு-வெள்ளையில் எடுக்க நினைத்ததே தவறா? ஃபிலிமுக்கு மாறினால் இது தீருமா?

வெள்ளியுப்பு:

தவறு அந்தச் சிவப்பு ஃபில்டரில்தான் இருக்கிறது. மஞ்சள் சுவர் சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் தாராளமாகத் திருப்பி அனுப்புகிறது. அது விழுங்கிவிடுவது நீலத்தை மட்டுமே. ஆகவே, சிவப்பின் வழியாகப் பார்க்கும்போது மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் ஒளியளவில் வேறுபாடே இருக்காது. உங்கள் கோப்பைத் திறந்து நீல அலைவரிசையை (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் பதிவுகளில் நீலத்தின் பதிவை) மட்டும் தனியாகப் பாருங்கள்: சுவர் சாம்பல் நிறத்துக்கு இறங்கி, வெள்ளைப் பட்டைகள் துலங்கி நிற்பதோடு, மழைக்காலத்தில் சுவரடியில் ஏறிய பாசிக் கறையும் காரை பெயர்ந்த இடங்களும்கூட வெளியே வரும்.

அதற்காக முழுப் படத்தையும் நீலத்துக்கு மாற்றிவிடாதீர்கள். நம் ஊர் முகங்கள் கரிபூசியது போல ஆகிவிடும், வானம் வெளுத்துவிடும், நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருக்கும் வீதிப் பெயர்கள் படிக்க முடியாதபடி மங்கிப்போகும். கறுப்பு-வெள்ளைக் கலவைப் பகுதியில் மஞ்சள் ஸ்லைடரைக் கீழே இறக்கி, தோல் நிறம் பெரும்பாலும் தங்கியிருக்கும் ஆரஞ்சைத் தொடாமல் விட்டு, நீலத்தையும் சற்று இறக்கினால் சுவர், முகம், வானம், பெயர்ப்பலகை ஆகிய நான்குமே பிழைத்துக்கொள்ளும். மஞ்சளையும் நீலத்தையும் ஒரே நேரத்தில் இறக்குவது லென்ஸின் முன் மாட்டும் எந்த ஒரு கண்ணாடி ஃபில்டராலும் நடக்காத காரியம் என்பதால், இந்த ஊரைப் பொறுத்தவரை டிஜிட்டலுக்கு ஒரு தனி வசதி இருப்பதாகவே நான் நினைக்கிறேன். மஞ்சளை மிகவும் இறக்கினால் நிழற்பகுதிகளில் புள்ளி புள்ளியாக நொய்ஸ் தெரியும். ஆகவே ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன் அளவை, குறைவாக வைத்து எடுங்கள்.

சிவப்பு ஸ்லைடரிலும் ஒரு கண் இருக்கட்டும். அதை உயர்த்தினால் புதுச்சேரிப் போலீஸ்காரரின் சிவப்புக் கெப்பித் தொப்பி (பிரெஞ்சுப் பாணி உருளைத் தொப்பி) வெளிறிப்போய், வெயிலுக்கு மாட்டிய துணித் தொப்பி போலாகிவிடும்.

வாய்க்கால்கரை:

மேலே சொன்னது சரியே என்றாலும், கேட்டவர் வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும்தான் நடந்திருக்கிறார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. நகரத்தை வெள்ளை ஊர், கறுப்பு ஊர் என்றே பிரித்துப் பெயரிட்டு, நடுவில் பெரிய வாய்க்காலை எல்லையாக வைத்திருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். கறுப்பு-வெள்ளையில் இந்த ஊரை எடுக்கப் புறப்பட்டவர் ஒரு பாதியோடு திரும்பிவிட்டால், மற்ற பாதி என்ன பாவம் செய்தது? மேற்கே வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரமும் அதன் கீழுள்ள திண்ணையும் வெயிலை வடிகட்டி, முகத்தில் பூப்போல விழும் ஒளியைத் தருகின்றன. ஆங்கிலேயர் 1761-இல் ஊரை இடித்துத் தள்ளிய பிறகு மறுபடி கட்டப்பட்டவையே இரு பகுதிகளிலும் நாம் இன்று பார்க்கும் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை என்பதால், எந்தப் பக்கம் பழமையானது என்ற போட்டிக்கும் இடமில்லை.

நேரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கட்டம் கட்டமாக அமைந்த ஊர் இது. சூரியன் கடலிலிருந்து எழும்போது கிழக்கு மேற்காக ஓடும் வீதிகளில் ஒளி வாய்க்கால்வரை நேராகப் பாய்கிறது. நடப்பவர்களின் நிழல் ஒரு வீட்டு நீளத்துக்கு விழும். தெற்கு வடக்காக ஓடும் ரோமன் ரோலண்ட் வீதியிலோ, அதே நேரத்தில் ஒரு வரிசை வீடுகளின் மேற்பகுதியில் மட்டுமே வெயில் இருக்கும். சித்திரை நண்பகலில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தையொட்டிச் சூரியன் இங்கே நேர் உச்சிக்கே வந்துவிடுவதால், நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும்.

பெரிய மார்க்கெட்டுக்குள் போனால், முதலில் கேமராவைக் கீழே தொங்கவிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் எடுத்தபோது, மீன் விற்கும் அம்மா ஒருவர், “என்னை எடுத்தியே, எம் மீனை எடுத்தியா?” என்று கேட்டு, அரைக் கிலோ சங்கராவை என் கையில் திணித்துக் காசு வாங்கிக்கொண்டார். அன்று எடுத்ததில் தேறியது, அவர் சிரித்துக்கொண்டே சில்லறை எண்ணிய படம் ஒன்றுதான்.

நிழல்தேடி:

இருவருக்கும் நன்றி. மஞ்சளை இறக்கியதும் சைக்கிள் பெரியவரின் பின்னால், முழங்கால் உயரத்துக்குப் படர்ந்திருந்த ஈரக் கறை தெரிந்தது. அவருடைய வேட்டியின் வெண்மை அதற்கு முன்னால் இப்போது தனியாக நிற்கிறது. நேரில் நின்றபோது அந்தக் கறையை நான் பார்த்ததாகவே நினைவில்லை. ஃபிலிம் பற்றிய கேள்வி மட்டும் மீதமிருக்கிறது.

வெள்ளியுப்பு:

சாதாரண ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில் அடர் நீல ஃபில்டரை மாட்டினால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல், அதாவது நாலில் மூன்று பங்குக்கு மேல், ஒளி போய்விடும். காலை வெயிலில் அது பெரிய குறையல்ல. தாழ்வார நிழலில் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டியிருப்பதால் கைநடுக்கம் படத்தில் தெரியும். இன்னொரு வழி, சிவப்பை உணராத ஆர்த்தோ வகை ஃபிலிம். அதிலும் மஞ்சள் ஓரளவு இறங்கும், சுவரின் கறையும் தெரியும். ஆனால் வேகம் குறைவு (அதிக ஒளி வேண்டும்), வானம் வெளுக்கும், கெப்பித் தொப்பி கன்னங்கரேலென்று விழும். ஒரு சுருள் மட்டும் வாங்கி, அதே சுவருக்கு முன்னால் முயன்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.