டீசல் பம்பைப் பிரிக்கும் முன்

காரிமங்கலம் தம்பி, காலை 6:12
சித்தப்பா, வணக்கம். நிலக்கடலைக்காக மேட்டு நிலத்தை டிராக்டரில் ஐந்து கொழுக் கலப்பை போட்டு உழுது வருகிறேன். போன ஆண்டைவிட டீசல் அதிகம் பிடிக்கிறது. எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் பம்பையும், அதை உள்ளே தெளிக்கும் நாசில்களையும் கழற்றிச் சரிசெய்ய வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். வண்டியை அங்கே விடலாமா?

பாலக்கோடு சித்தப்பா, 6:31
அவசரப்படாதே, தம்பி. கரும்புகை தொடர்ந்து வருகிறதா? ஏர் ஃபில்டரில் எண்ணெய் மாற்றினாயா? நம் செம்மண் புழுதியில் அது சீக்கிரமே சேறாகிவிடும். காற்றுப் போதாமல் டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் புகையாகப் போகும்.

காரிமங்கலம் தம்பி, 6:38
எண்ணெய் மாற்றிவிட்டேன். புகை இல்லை, தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் பின்சக்கரம் அடிக்கடி வழுக்குகிறது. டயர் பட்டைகளும் தேய்ந்திருக்கின்றன.

பாலக்கோடு சித்தப்பா, 6:55
அப்படியானால் உன் டீசல் டயருக்கு அடியில்தான் வீணாகிறது என்று நினைக்கிறேன். அதை நீயே அளந்து பார்க்கலாம். பின் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு, உழப்போகும் அதே மண்ணில் சக்கரம் சரியாக 10 சுற்றுச் சுற்றும்வரை ஓட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு குச்சி நடு. பிறகு கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி, பக்கத்திலேயே அதே தூரத்தை உழு. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று ஒருவரை நடந்துகொண்டே எண்ணச் சொல். பதினொன்றரைச் சுற்று வந்தால், அதில் கூடுதலான ஒன்றரைச் சுற்றுதான் வழுக்கல், அதாவது 13 சதவீதம். உழவுக்கு அது சரியான அளவுதான். 13 சுற்று வந்தால் 23 சதவீதம். அதாவது சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது கலப்பையை இழுக்காமல் மண்ணைப் பறிப்பதிலேயே போய்விடுகிறது. பம்பை எத்தனை முறை பிரித்தாலும் அந்த இழப்பு தீராது.

அரூர் அக்கா, 7:10
எங்கள் வண்டியில் எடைக்காகப் பின் டயர்களுக்குள் தண்ணீர் நிரப்பிய பிறகு வழுக்கல் நன்றாகக் குறைந்தது, சித்தப்பா. இரும்பு எடைகளையும் மாட்டியிருக்கிறோம். அவை எப்போதும் வண்டியிலேயே இருக்கலாமா?

பாலக்கோடு சித்தப்பா, 7:18
தண்ணீர் முக்கால் பாகம் இருக்கட்டும், அம்மா. உழவு முடிந்து, ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றும் காலத்தில் இரும்பு எடைகளைக் கழற்றிவிடுங்கள். வேலையில்லாத எடையைச் சுமக்கவும் டீசல்தான் எரிகிறது. டயரில் காற்று, கையேட்டில் வயலுக்குச் சொல்லியிருக்கும் அளவில் இருக்க வேண்டும். சாலைக்கான காற்றோடு வயலில் இறங்கினால் டயர் மண்ணில் பரந்து பிடிக்காது.

காவேரிப்பட்டணம் மாமா, 7:40
ஆக்சிலேட்டரையும் பாருங்கள். மாமரங்களுக்கு மருந்தடிப்பது போன்ற இலேசான பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னால் சுழன்று கருவிகளை ஓட்டும் தண்டு) வேலைக்கு எஞ்சினை உச்ச வேகத்தில் ஓட்டுவது வீண், ஏனெனில் வேகம் கூடக்கூட எஞ்சினின் சொந்த உராய்வுக்கே டீசலில் கூடுதல் பங்கு போகிறது. சில டிராக்டர்களில் எகானமி பி.டி.ஓ. இருக்கிறது, அதில் எஞ்சின் வேகம் குறைந்தாலும் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றிலேயே ஓடும். உழவிலும் எஞ்சின் திணறாதவரை ஒரு கியர் கூட்டி, ஆக்சிலேட்டரைக் குறைக்கலாம். கரும்புகை கக்கினால் உடனே கியரை இறக்கிவிட வேண்டும். இன்னொன்று, வெயில் ஊர் என்று, எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. அது மிகவும் தவறு. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலும் கூடும், சிலிண்டரும் தேயும்.

காரிமங்கலம் தம்பி, 7:52
இன்றே சாக்பீஸ் சோதனையைச் செய்துவிடுகிறேன். ஏக்கருக்கு எத்தனை லிட்டர் ஆகிறது என்பதை எப்படித் துல்லியமாகப் பார்ப்பது?

பாலக்கோடு சித்தப்பா, 8:05
சமதளத்தில் நிறுத்தி டேங்கை விளிம்புவரை நிரப்பு. ஒரு ஏக்கர் உழுத பிறகு அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்தி, அளவுக் குவளையால் மீண்டும் விளிம்புவரை ஊற்று. ஊற்றிய அளவுதான் செலவு. எடையையும் காற்றையும் சரிசெய்த பின் இன்னொரு ஏக்கரில் அதே ஆழத்துக்கு உழுது ஒப்பிட்டுப் பார். அப்போதும் குறையவில்லை என்றால் நாசில்களை மட்டும் கழற்றக் கொடு. நாசிலைச் சோதிக்கும் டெஸ்டரில் வைத்து, டீசல் பனிபோலத் தெளிக்கிறதா, சொட்டுகிறதா என்று உன் கண்முன் காட்டச் சொல். பம்பைத் தொடுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.