சோலார் போட வேப்பமரத்தை வெட்டணுமாம், என்ன செய்யட்டும்?

தென்காசி தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு தென்காசி பக்கம். மொட்டை மாடியில ஏறி நின்னா தூரத்துல கரண்டு எடுக்குத காத்தாடி எல்லாம் வரிசையாத் தெரியும். ஆனி ஆடியில மூச்சு விடாம சுத்தும், இப்ப மார்கழியில பாதி சும்மா நிக்கு. அதைப் பாத்துப் பாத்தே எங்க வீட்டுக்காரவுகளுக்கு நாமளும் சோலார் போட்டா என்னன்னு ஒரு எண்ணம். பெரிய கொள்கை எல்லாம் இல்ல, பில்லும் ஒரு காரணந்தான். நான் வீட்டுலயே தைக்கேன். மோட்டார் மிஷின் ரெண்டு, அயர்ன் பாக்ஸ், போன சித்திரையில மக ரூமுக்கு ஏசி. ரெண்டு மாசத்துக்கு 540 யூனிட் வருது. 500 தாண்டினா ரேட்டே வேற கணக்குக்குப் போயிருதுல்லா.

போன வாரம் ஒரு கம்பெனி ஆளு வந்து மாடியைப் பாத்தாரு. 3 கிலோவாட் போடுங்க, மத்திய அரசு மானியம் 78,000 வரும்னாரு. முதல்ல நாம முழுப்பணமும் கட்டணும், மானியம் பொறவு அக்கவுண்ட்டுக்கு வரும். அது வரைக்கும் சரி. கிளம்பையில தென்மேக்கு மூலையைப் பாத்துட்டு, "இந்த வேம்பு நிழல் அடிக்கும், எடுத்திருங்க"ன்னு சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அந்த மரம் எங்க அத்தை வச்சது. என் மக பொறந்த வருசம். அவளுக்கு இப்ப 22. அத்தைக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கட்டிலு அந்த மரத்தடியிலதான். நான் இன்னும் அவுககிட்ட விஷயத்தையே சொல்லல.

சூரிய ஒளியில கரண்டு எடுக்கதுக்கு மரத்தை வெட்டுதது சரியா? கேக்கதுக்கே ஒரு மாதிரி இருக்கு. போட்டவுக யாராவது சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை, சென்னை:

மனசைக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டு கணக்கைப் பாருங்க. நிலக்கரியில எடுக்கிற ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகுது. 3 கிலோவாட் பேனல் நம்ம வெயிலுக்கு நாளைக்கு 12 யூனிட் கொடுக்கும், வருஷத்துக்கு 4,000க்கு மேல. அதாவது 4 டன் அளவுக்கு மிச்சம். ஒரு வளர்ந்த மரம் வருஷத்துக்கு இழுக்கிறது சில பத்து கிலோதான். வெட்டுங்க, வேற இடத்துல பத்து கன்னு நடுங்க. சுற்றுச்சூழலுக்கு அதுதான் லாபம்.

மஞ்சப்பை:

மரத்தை வெட்டிட்டு அந்த இடத்துல "பசுமை இல்லம்"னு போர்டு வைக்கலாம். நல்லா இருக்கும்.

பேனல் மாட்டறவன், திருப்பூர்:

பதினோரு வருசமா இந்த வேலைலதான் இருக்கறனுங்க அக்கா. மரத்தை எடுங்கன்னு சொல்றது எங்களுக்கு லேசான வழிங்க, அவ்வளவுதான். வெட்டறது கடைசியா யோசிக்கற விசயம்.

நெழல் கெடுதிங்கறது நெசந்தான். பேனல் எல்லாம் ஒரே ஒயர்ல மாலையாட்டம் கோத்திருக்கும். ஒண்ணு மேல நெழல் விழுந்தா அந்த வரிசையவே அது இழுத்துப் புடிக்கும், ஒரு மாடு நொண்டினா வண்டியே நொண்டற மாதிரி. நெழல் விழுந்த எடத்தை விட்டுட்டுக் கரண்டைச் சுத்தி விடறதுக்குப் பேனலுக்குள்ள டயோடு இருக்கறதால ஒரேடியா நின்னு போகாது, ஆனா அடி விழும். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்தற சின்னப் பெட்டி, மைக்ரோ இன்வெர்ட்டர்னு பேரு, அதை ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியா வெச்சா இந்தத் தொந்தரவு கொறையும், வெலைதான் கூட. சாரல் காலத்துல உங்க பக்கம் காத்து பலமா இருக்குமுங்க, அதனால உசரமா ஸ்டாண்டு போட்டு நெழலைத் தாண்டிக்கலாம்னு யாராச்சும் சொன்னா கம்பி கனமானதான்னு கேட்டுக்கங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். ரெண்டு மாசத்துக்கு 540 யூனிட்டுக்கு எதுக்குங்க 3 கிலோவாட்? ஒரு கிலோவாட் நாளைக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டா ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். உங்களுக்கு அதுவே தாராளம். அதுக்கு மானியம் 60,000. பேனல் ஆறுக்குப் பதிலா நாலு. நாலு பேனலை வெய்யில் விழற எடமாப் பாத்து வெச்சரலாம்.

இன்னொண்ணு, வீட்டுல ஃபேன் எல்லாம் பழசுங்களா? பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். மூணு ஃபேன் தெனமும் 12 மணி நேரம் ஓடுதுன்னா ரெண்டு மாசத்துல 97 யூனிட் மிச்சம். சோலார் போடாமயே 500க்குள்ள வந்துருவீங்க. என் தொழிலுக்கு நானே ஆப்பு வெச்சுக்கறேன், பரவால்ல.

இப்ப மார்கழி. சூரியன் தெற்கே நல்லாச் சாஞ்சு போற காலம், நெழல் வருசத்துலயே நீளமா விழறது இப்பத்தான். மாடில ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா நெழலோட ஓரத்தைக் கோடு போட்டுப் பாருங்க. மரம் தெக்கால நிக்கறதால, மாடில வடக்குப் பக்கம் இப்ப வெய்யில் விழற எடத்துல மத்த மாசத்துலயும் பெருசாப் பிரச்சனை வராது.

கொக்குவில் வாசகி:

அக்கா, இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கோ. நாங்கள் 2021இல யாழ்ப்பாணத்தில சோலர் போட்டனாங்கள். 2022 பங்குனிக் கடைசியில இஞ்ச ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினவை. கூரையில வெயில் கொதிக்குது, உள்ள விசிறி சுத்தேல்ல! அப்பதான் எங்களுக்கு விளங்கினது. பற்றரி இல்லாத சோலர், லைனில கரண்ட் நிண்டா தானும் நிண்டிடும். கம்பத்தில ஏறி வேலை செய்யிற ஆக்களுக்கு எங்கட வீட்டுக் கரண்ட் அடிச்சிடக் கூடாதெண்டு அப்பிடித்தான் செய்திருக்காம். அண்டைக்கு முழுநாளும் நாங்கள் முத்தத்து மாமரத்துக்குக் கீழதான் இருந்தனாங்கள்.

தென்காசி தையல்காரி:

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் கழிச்சு வாரேன், கோவிச்சுக்கிடாதீங்க. பொங்கலுக்கு பிளவுஸ் தைக்கக் குடுத்தவுக வாசல்ல வந்து நிக்காக.

திருப்பூர் தம்பி சொன்ன மாதிரி நிழல் கோடு போட்டேன். முதல் நாள் கோலமாவுல போட்டேன். அரிசிமாவு பாத்துக்கிடுங்க. மறுநாள் ஏறிப் பாத்தா காலை ஒம்பது மணிக் கோட்டை எறும்பு தூக்கிட்டுப் போயிட்டு. பொறவு செங்கல் கட்டியால போட்டேன். எட்டு மணியில இருந்து நாலரை வரைக்கும், ஒவ்வொரு மணிக்கும் தையலை விட்டுட்டு மாடி ஏறுதேன், கோடு போடுதேன், பக்கத்துல நேரத்தை எழுதுதேன். எதுத்த வீட்டக்கா, "மாடியில பாண்டி ஆடுதியா?"ன்னு கேட்டுட்டாக.

மூணு நாளு போட்டதுல தெரிஞ்சது என்னன்னா, காலையில வெயிலை மறைக்கது மரமே இல்ல. தென்கிழக்கு மூலையில மாடிப்படி ரூம், அதுக்கு மேல தண்ணி டேங்க். அந்த ரெண்டும் சேந்து எட்டு மணிக்கு மாடியில குறுக்க நிழலை நீட்டி விட்டுருது. ஒம்பதரை ஆனாத்தான் வடக்குச் சுவர் ஓரம் தெளியுது. மர நிழல் வடக்குப் பக்கத்துக்கு வரதுக்கு மத்தியானம் மூணரை ஆயிருது. அதுவும் ஒரே ஒரு கிளை, மாடிக்குள்ள எட்டிப் பாக்குத கிளை. மரத்தை வெட்டச் சொன்ன ஆளு டேங்க்கைப் பத்தி மூச்சு விடல. டேங்க் நாம காசு குடுத்து வாங்கினது, மரம் சும்மா வந்ததுதானன்னு நினைச்சிட்டாரு போல.

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி, உங்க கணக்கு தப்புன்னு நான் சொல்லல. ஆனா அதுல ஒரு வரி விட்டுப்போச்சு. மரம் நிக்கது மக ரூமை ஒட்டி, அந்த ஏசி ரூம்தான். நாலு மணிக்கு அந்த மேக்குச் சுவத்துல கையை வச்சுப் பாத்தேன், சாஞ்சு உக்காரலாம். அதே சுவரு, மர நிழல் தாண்டி அடுப்படிப் பக்கம் தொட்டா தோசைக்கல்லு. மார்கழியிலயே இப்படின்னா சித்திரையில என்ன ஆகும்? மரத்தை எடுத்துட்டா ஏசி தினமும் கூட ரெண்டு மணி நேரம் ஓடும். அந்தக் கரண்டும் நிலக்கரிதான? பத்து கன்னு நடலாம், சரி. எங்க நட? எங்களுக்கு மூணு சென்ட் இடம். இந்த மரம் மாடி உசரம் வரதுக்கே எத்தனையோ வருசம் ஆச்சு, அதுவரைக்கும் எங்க அத்தை கட்டிலை எங்க போடட்டும்?

கொக்குவில் தங்கச்சி சொன்னதை வீட்டுக்காரவுககிட்ட வாசிச்சுக் காட்டினேன். கரண்டு போனாலும் நம்ம வீட்டுல லைட்டு எரியும்னு அவுக தெருவுல ரெண்டு பேருகிட்டச் சொல்லி வச்சிருக்காக. முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. பழைய இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கட்டும், அதை எடைக்குப் போட வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்.

இப்போதைக்கு ரெண்டு ஃபேன் மாத்தியாச்சு, தையல் ரூமுக்கு ஒண்ணு, அத்தை ரூமுக்கு ஒண்ணு. ரிமோட்டு குடுத்திருக்கான், அத்தை அதைத் தலையணைக்குக் கீழ வச்சுத் தூங்குதாக. 2 கிலோவாட்டுக்கு வேற ஒரு ஆளுகிட்ட விலை கேட்டிருக்கோம். நாலு பேனலும் வடக்குச் சுவர் ஓரம்னு நான் செங்கல் கட்டியாலயே கட்டம் போட்டுக் காட்டினேன். அந்தப் பையன் சிரிச்சிட்டு, அப்படியே போட்டோ எடுத்துக்கிட்டுப் போனான்.

அத்தைகிட்டயும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் மரத்தையே பாத்தாக. "ஒரு கிளைதான, கழிச்சுக்கோ. காயவச்சா வெறகுக்காகும்"னுட்டாக. இதுக்குத்தான் நான் பத்து நாளா வாயைத் தொறக்காம இருந்தேன்.

தம்பி, இன்னும் ரெண்டு சந்தேகம். கிளையை இப்பவே கழிக்கலாமா? மாசி பங்குனியில பூ எடுக்கும், வருசப் பிறப்பு ரசத்துக்கு நாலு வீட்டுக்கு எங்க மரத்துப் பூதான் போகுது. இன்னொண்ணு, எங்க போர் தண்ணி உப்பு. அதை வச்சுப் பேனலைக் கழுவலாமா?

பேனல் மாட்டறவன், திருப்பூர்:

இப்பவே கழிச்சிருங்க அக்கா, பூ எடுக்கறதுக்கு முன்னாடி. மொத்தக் கிளையையும் எடுக்காம, மாடிக்குள்ள வர்ற வரைக்கும் போதும். உப்புத்தண்ணி வேண்டாமுங்க, காஞ்சா வெள்ளையாப் படிஞ்சு வெய்யிலை மறைக்கும். குடிக்கற தண்ணில ரெண்டு வாளி போதும், மெத்துன்னு இருக்கற துணியால வெடியால நேரத்துல தொடைங்க, பேனல் சூடா இருக்கறப்போ தண்ணி ஊத்தாதீங்க. மரத்துல காக்கா உக்காருமில்லீங்களா? எச்சத்தை மட்டும் அன்னன்னிக்கே தொடச்சிருங்க. காஞ்சு ஒட்டிக்கிட்டா அந்த எடத்துல சூடேறி பேனலே கெடும்.

அந்தக் கோடு போட்ட போட்டோ இருந்தா இங்க போடுங்க. எங்க பசங்களுக்குக் காட்டணும்.