‘சைக்கலாஜிக்கல் ஹாரர்’: கலைச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கூழாங்கல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிற்றிதழின் நிகழ்பட ஆட்டச் சிறப்பிதழுக்காக, ‘சைலன்ட் ஹில் 2’ பற்றிய விமர்சனக் கருத்துகளைத் தொகுத்த கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. பத்திக்குப் பத்தி வரும் ‘சைக்கலாஜிக்கல் ஹாரர்’ என்ற வகைப்பெயர் மட்டும் இடிக்கிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வரிகள். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2001இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளியிட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் நோயில் இறந்த மனைவி மேரியின் பெயரில் ஜேம்ஸ் என்பவனுக்குக் கடிதம் வருகிறது. பனிமூட்டம் கவிந்த சைலன்ட் ஹில் என்ற ஊருக்கு அவளைத் தேடிப் போகிறான். அங்கே அவன் எதிர்கொள்ளும் கோர உருக்கள் பலவும் அவன் மனத்திலிருந்தே கிளம்பியவை என்று விமர்சகர்கள் வாசிக்கிறார்கள். பேய்க்கதையிலிருந்து இது விலகும் இடம் அதுதான். வகைப்பெயர் அதைக் காட்ட வேண்டும். ‘உளவியல் திகில்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

பனைநிழல் எழுதியது:

மனம் ஒப்பாதது சரியே. உளவியல் என்பது துறையின் பெயர். உளவியல் திகில் என்றால், தேர்வுக்கு முந்தைய இரவு உளவியல் மாணவருக்கு வருவது. வேண்டியது உள்ளத்தைச் சார்ந்த அச்சம். துறையைச் சார்ந்த அச்சம் அன்று. ‘உளவியல் ரீதியான’ என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம், ரீதி நம்முடையதன்று.

அடுத்து ‘திகில்’. கன்னடத்தில் திகிலு, தெலுங்கில் திகுலு. சங்க நூல்களில் இச்சொல்லை யாராவது காட்டினால் வாய்மூடிக்கொள்கிறேன். அச்சம் என்ற பழஞ்சொல் இருக்க இரவல் எதற்கு? உளம் + அச்சம் = உளவச்சம். மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் பெற்றது.

கடல்நுரை எழுதியது:

ஐயா, உளவச்சம் என்றால் என் மாணவர்கள் ஒற்றர்களைக் கண்டு அஞ்சுவது என்று எடுத்துக்கொள்வார்கள். உளவு + அச்சமும் உளவச்சம்தானே? ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று, சில இடங்களில் முற்றியலுகரமும் கெட நன்னூலாரே வழிவிட்டிருக்கிறார்.

திகில் எங்கிருந்து வந்திருந்தால் என்ன? திகில் கதை, திகில் படம் என்று வார இதழ்கள் இரண்டு தலைமுறைக்குப் பழக்கிய சொல். கல்லூரியில் ஆட்ட வடிவமைப்பு விருப்பப்பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் ஆங்கிலப் பெயரையே சொல்கிறார்கள். தமிழில் சொல்லுங்கள் என்றால் தயங்காமல் வருவது திகில் ஒன்றுதான். முன்னொட்டை மட்டும் திருத்துவோம்: உளத்திகில்.

இடைச்சுரம் எழுதியது:

வீட்டுக்குள் பொன் இருக்க ஊரெல்லாம் பித்தளை தேடுகிறோம். மெய்ப்பாட்டியலைத் திறவுங்கள். ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ தொல்காப்பியர் பிணக்கில்லை என்றார். இந்தக் குழுவை அவர் அறியார்.

நான்கும் வெளியிலிருந்து வருபவை என்பதைக் கவனியுங்கள். உள்ளிருந்து வருவதற்குச் சங்கச் சொல் ஒன்றைக் கொள்ளலாம்: சூர், அதாவது அஞ்சவைக்கும் தெய்வம், அச்சம். ‘சூர்நசைந் தனையையாய் நடுங்கல் கண்டே’ (குறுந்தொகை 52). அங்கே சூர் கண்ணுக்குத் தெரிவதில்லை, தலைவியின் உடம்பில் நடுக்கமாகத்தான் தெரிகிறது. இதன் வேர் ‘சுர்’ என்பது என் துணிபு. சுரீர் என்கிறோமே, அந்தச் சுர். சுர், சூர், சூரல் (முள்ளுடைய கொடி, குத்தும்), சூறை (சுழன்றடிக்கும் காற்று), சுரம் (வழிப்போக்கன் அஞ்சும் இடம், அடியேனின் புனைபெயரிலும் உள்ளது). குத்துவதும் சுழற்றுவதும் தனிமையில் வாட்டுவதும் ஒரே வேரில் கிடைக்கின்றன. உள் + சூர் = உட்சூர். ஆட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

பனைநிழல் எழுதியது:

சூறையில் வருவது வல்லின றகரம். சூரில் வருவது இடையின ரகரம். இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டும் உரிமை யார் தந்தது?

கடல்நுரை எழுதியது:

உட்சூர் என்பது ரயில் நிற்காத ஊர்போல் ஒலிக்கிறது.

இடைச்சுரத்தார் எடுத்த மெய்ப்பாட்டியலிலேயே எனக்கும் ஒரு நூற்பா உண்டு. ‘மூப்பே பிணியே வருத்தம் மென்மையோடு யாப்புற வந்த இளிவரல் நான்கே.’ ஆட்டத்தை விளையாடியவள் என்ற முறையில் சொல்கிறேன்: இது அச்சத்தைவிட இளிவரலுக்கே, அதாவது இழிவும் அருவருப்பும் கலந்த உணர்வுக்கே, நெருக்கம். கதையின் அடியில் கிடப்பது மேரியின் பிணி. மருத்துவமனைத் தளத்தில் முகம் சிதைந்த செவிலியர் உருக்கள் தள்ளாடி வருவது அதனால்தான். அவை பாய்ந்து கொல்லும் என்பதைவிட, நோயுற்ற மனைவியை அவன் எப்படிப் பார்த்தான் என்று காட்டிக்கொடுக்கும் என்பதுதான் குடலைப் புரட்டுகிறது. மசாஹிரோ இட்டோ வரைந்த உருக்களில் பலவற்றுக்கு முகமே கிடையாது. ‘ஹாரர்’ என்ற சொல்லிலும் அருவருப்பு பாதி. அச்சம் என்று மட்டும் பெயர்த்தால் அந்தப் பாதி போய்விடும். திகிலில் அது கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் காது சொல்வது, சான்று கேட்காதீர்கள்.

கூழாங்கல் எழுதியது:

அம்மா, மிக்க நன்றி. கட்டுரையில் ஒரு விமர்சகர் ஏறக்குறைய இதையே மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்.

விமர்சகர்கள் மோதிக்கொள்ளும் இடம் இன்னொன்றும் உண்டு. சண்டை சரியில்லை என்று 2001இலேயே குறை சொன்னார்கள். பலகையை ஓங்கினால் தாமதமாக இறங்குகிறது, கேமரா கோணம் எதிரியை மறைக்கிறது. வேறு சிலர், ஜேம்ஸ் போர்வீரன் இல்லையே, தடுமாறத்தானே வேண்டும் என்று அதையே புகழ்ந்தார்கள். 2024இல் போலந்தின் புளூபர் டீம் செய்த மறுவாக்கத்தில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. அடி நேராக விழுகிறது. இப்போது சண்டை மிகுந்துவிட்டது, ஆட்டம் நீண்டு அச்சம் நீர்த்துவிட்டது என்கிறார்கள். ‘கையாளச் சிரமமானது’ என்பதற்கும் ‘வேண்டுமென்றே சிரமமாக்கியது’ என்பதற்கும் ஒரே ஆங்கிலச் சொல்லை அவர்கள் ஆள, நான் இரண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். அது தனிக்கதை.

இன்னொரு ஐயம். ‘பஸில்’ என்பதற்குப் புதிர் என்று போட்டுவிட்டேன். ஆனால் தொடக்கத்திலேயே சண்டைக்கு ஒரு கடினநிலை, புதிருக்குத் தனியாக ஒன்று என்று கேட்கும் இடத்தில் ‘ரிடில்’ என்ற சொல் வருகிறது. இரண்டும் ஒன்றா?

இடைச்சுரம் எழுதியது:

ஒன்றல்ல. ரிடில் என்பது பிசி. ‘ஒப்பொடு புணர்ந்த உவமத்தானும் தோன்றுவது கிளந்த துணிவினானும் என்றிரு வகைத்தே பிசிநிலை வகையே.’

கடல்நுரை எழுதியது:

இம்முறை உங்கள் பக்கம் நிற்கிறேன், பாதி வரை. அடுக்ககத்தில் ஒரு மேசை. ஐந்து குழிகள், மூன்று நாணயங்கள்: கிழவன், பாம்பு, கைதி. எதை எங்கே வைப்பது என்பதை ஒரு பாட்டு பூடகமாகச் சொல்கிறது. கடினநிலையை மாற்றினால் பாட்டே மாறிவிடும். அது பிசிதான், விடுகதை என்றால் எல்லாருக்கும் புரியும். ஆனால் வடிகாலில் கிடக்கும் சாவியை வளைந்த ஊசியும் தலைமுடியும் கொண்டு தூண்டில் போட்டு எடுப்பதும் இதே ஆட்டத்தில்தான் வருகிறது. அதற்குப் பாட்டும் இல்லை, உவமையும் இல்லை. அதைப் பிசி என்றால் தொல்காப்பியர் கோபித்துக்கொள்வார். அது புதிர். இவ்வகைப் புதிர்களைத்தான் விமர்சகர்கள் சிலர் தர்க்கமற்றவை என்று கழித்தார்கள்.

சிறைப்பகுதிக்குப் பின் வரும் தூக்கிலிடப்பட்டோர் புதிரைத்தான் எனக்குப் பிடிக்கும். ஆறு பேரின் குற்றங்களைப் படித்துக் குற்றமற்றவனைக் கண்டுபிடிக்க வேண்டும். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஜேம்ஸை நிறுத்துகிறார்கள். மனைவியை அவனே கொன்றவன் என்பது தெரிந்தபின் அதை நினைத்துப் பாருங்கள்.

ஊர்க்குருவி எழுதியது:

முடிவைச் சொல்லிவிட்டீர்களே அம்மா! நேற்றுத்தான் மறுவாக்கம் வாங்கினேன்.

கடல்நுரை எழுதியது:

2001இல் வந்த ஆட்டம், தம்பி. முடிவும் ஒன்று அல்ல. கத்தியை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாய், காயத்தோடு எவ்வளவு நேரம் திரிந்தாய் என்றெல்லாம் ஆட்டம் உன்னிடம் சொல்லாமல் கணக்கு வைக்கிறது. அதைப் பொறுத்து முடிவு மாறும். பயப்படாமல் விளையாடு. பயந்தும் விளையாடு.

ஊர்க்குருவி எழுதியது:

சரி. எல்லாம் தெரிந்துவிட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். கணவன் மனைவி, பிரிவு, தேடிப்போதல். ‘அகத்திகில்’ என்றால் என்ன?

பனைநிழல் எழுதியது:

‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்பது அகத்திணை மரபு. ஜேம்ஸ், மேரி என்று பெயர் சுட்டிவிட்ட பிறகு அகம் ஏது?

இடைச்சுரம் எழுதியது:

அந்த விதி ஐந்திணைக்கு. இவன் செய்தது பொருந்தாக் காமமாகிய பெருந்திணைக்கும் அப்பால். அது கிடக்க, ‘தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்ற குறளை யாரும் எடுக்காதது வியப்பு. வள்ளுவர் இந்த வகைக்கு இலக்கணமே எழுதிவிட்டார். ‘நெஞ்சுசுடல்’ என்பதையும் பட்டியலில் சேர்க்கவும்.

கூழாங்கல் எழுதியது:

பெரியோர்களே, வியாழன் இரவு ஆகிவிட்டது. உளவியல் திகில், உளத்திகில், உளவச்சம், உட்சூர், அகத்திகில், நெஞ்சுசுடல். ஏதாவது ஒன்றைக் கையில் கொடுங்கள்.

கடல்நுரை எழுதியது:

உளத்திகில். சேர்த்தே எழுதுங்கள். ‘உள’ என்று பிரித்தால் பலவின்பால் வினைமுற்று ஆகி, திகில் பல உள என்று படிப்பார்கள். அது உண்மையென்றாலும்.

ஊர்க்குருவி எழுதியது:

அகத்திகிலைத் திரும்பப் பெறுகிறேன். உளத்திகில்.

பனைநிழல் எழுதியது:

முன்னொட்டுக்கு மட்டும் உடன்படுகிறேன். திகிலுக்கு என் எதிர்ப்பு நிற்கிறது. கட்டுரை நூலாகும்போது மீண்டும் எழுப்புவேன்.

கூழாங்கல் எழுதியது:

உளத்திகில் என்றே அனுப்பிவிட்டேன். முதல் வருகையில் ‘தன் மனமே தனக்குப் பகையாகும் உளத்திகில்’ என்று விரித்திருக்கிறேன். பாட்டுள்ள இடங்களில் விடுகதை, மற்றவற்றில் புதிர். ஆட்டத்தில் வரும் ‘பிரமிட் ஹெட்’ எனப்படும் கோர உருவை ஜப்பானியர் முக்கோணத் தலை என்று பொருள்பட அழைப்பதால், முக்கோணத்தலையன் ஆக்கியிருக்கிறேன். அதையும் இங்கே கேட்டிருக்கலாம். துணிவு வரவில்லை.

இடைச்சுரம் எழுதியது:

முக்கோணம் என்பதில் கோணம் யாருடையது என்று எண்ணிப் பார்த்தீர்களா? மூவிளிம்பன், முச்சிமையன் என்றெல்லாம் இருக்க... தனி இழையில் எழுதுகிறேன். உட்சூர் பற்றிய நீண்ட குறிப்பும் அதில் வரும்.